கிளிஞ்சல் சுண்ணாம்பு: பரமட்டாவில் நின்ற சுவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், சிட்னியின் மேற்கே பரமட்டாவை ஒட்டிய ஹாரிஸ் பார்க்கின் விக்ரம் தெருவில் மசால் தோசைக்கும் பிரியாணிக்கும் மேசை கிடைக்கக் காத்து நிற்பவர்களில் பெரும்பாலோர், அந்தப் பேட்டையின் பெயரில் இருக்கும் ஹாரிஸ் யார் என்று கேட்டிருக்க மாட்டார்கள். (விக்ரம் என்பதும் நம்மவர் பெயரன்று, ஓர் ஆங்கிலேயக் குடும்பப் பெயர் தமிழ்க் காதில் அப்படி விழுகிறது.) நானும் பல ஆண்டுகள் அந்த வரிசையில் நின்று, சாப்பிட்டு, ரயிலேறி வென்ட்வர்த்வில்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன்தான். அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில், ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் கட்டி இன்றும் நிற்கும் மிகப் பழைய வீடு இருக்கிறது என்பதை ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு எதையாவது சுற்றிக்காட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் அறிந்துகொண்டேன். அதற்குப் பின் பரமட்டாவின் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆளுநர் மாளிகை, கோபுரம், பண்ணை வீடு என்று வழிகாட்டிப் பலகைகள் அடுக்கும் வரிசையில் பார்க்கத் தொடங்கியவனுக்கு, போகப்போக வேறொரு கேள்விதான் பெரிதாயிற்று. இவ்வளவு இடித்துக் கட்டிய ஊரில், நின்றவை ஏன் நின்றன?

ஊர் பிறந்த கதை பசியில் தொடங்குகிறது. 1788 ஜனவரியில் முதல் கப்பற்கூட்டம் சிட்னித் துறையில் கைதிகளை இறக்கியபோது, அங்கிருந்த மணற்பாங்கான நிலத்தில் விதைத்தது எதுவும் சரியாக விளையவில்லை. ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆற்றின் வழியே மேற்கே சென்று, உப்பு நீரும் நன்னீரும் சந்திக்கும் இடத்துக்கு அருகே நல்ல மண்ணைக் கண்டார். அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று சிப்பாய்களும் கைதிகளும் அங்கே குடியேற்றப்பட்டனர். முதலில் ரோஸ் ஹில் என்று பெயர். இலண்டன் கருவூலச் செயலாளர் ஜார்ஜ் ரோஸுக்குச் செய்த மரியாதை அது. 1791 ஜூன் 4, மன்னரின் பிறந்தநாளன்று, அவ்விடத்து மக்கள் வழங்கிவந்த பெயரையே பிலிப் ஊருக்குச் சூட்டினார். அந்த மக்கள் புரமட்டகல். தாருக் மொழி பேசியவர்கள். விலாங்கு மீன்கள் தங்கும் இடம் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். ஊரின் ரக்பி அணி இன்றும் விலாங்கின் பெயரோடுதான் ஆடுகிறது.

பெயரை எடுத்துக்கொண்டார்கள், நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1797 மார்ச்சில் பெமுல்வுய் என்ற போர்த்தலைவர் தம் ஆட்களோடு இந்த ஊருக்குள்ளேயே வந்து சிப்பாய்களை எதிர்கொண்டார். குண்டடிபட்டு விழுந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். காலில் விலங்கு பூட்டியிருந்த நிலையிலேயே அவர் அங்கிருந்து தப்பினார். 1802இல் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அவருடைய தலை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. குடியேற்றக்கால மருத்துவமனையின் அடித்தளங்களை இன்று மார்ஸ்டன் தெருவின் நீதிமன்ற வளாகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வழக்குக்கு வருவோர் கோப்பைக் கையில் இடுக்கிக்கொண்டு அவற்றைக் கடந்து விரைகிறார்கள்.

கட்டடம் என்று பேச்செடுத்தால் முதலில் சுண்ணாம்பைப் பற்றிப் பேச வேண்டும். செங்கல் அறுக்க ஏற்ற களிமண் இங்கே தாராளமாக இருந்தது. சுண்ணாம்புக்கல்தான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே தொடக்கக் கட்டடங்களில் கல்லையும் செங்கலையும் பெரும்பாலும் களிமண் சாந்து வைத்தே இணைத்தார்கள். முக்கியமான சுவர்களுக்கு மட்டும் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம் கடற்கரை ஊர்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு புதிதல்ல. ஆனால் இங்கே அந்தக் கிளிஞ்சல்கள் வந்த வழி வேறு. துறைமுகக் கரைகளில், தொல்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிப்பியும் மட்டியும் தின்று போட்ட ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. அந்த மேடுகளையே வாரிச் சூளையில் இட்டார்கள். அதாவது, அந்த மக்களின் ஆயிரமாண்டுச் சாப்பாட்டுக் கணக்கு வெள்ளைச் சாந்தாகிக் குடியேறிகளின் சுவர்களுக்குள் போயிற்று. ஒரு பழஞ்சுவரில் சாந்து உதிர்ந்த இடத்தில் சிப்பித் துணுக்கு வெள்ளையாக மின்னுவதை முதன்முறை கண்டபோது என் விரல் தானாகப் பின்வாங்கியது.

பிலிப் வகுத்த ஊர்த்திட்டம் ஓர் எளிய கோடு. ஆற்றுத்துறையிலிருந்து ஆளுநர் வீடு வரை ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு, 205 அடி அகலத்தில் ஒரு தெரு. அதன் இருபுறமும் 24 அடிக்கு 12 அடி அளவில் மண் பூசிய குடிசைகள், ஒவ்வொன்றிலும் பத்துக் கைதிகள், குடிசைக்கொரு தோட்டம். பட்டினி கிடந்த ஒரு குடியேற்றத்துக்கு 205 அடி அகலத் தெரு எதற்கு என்று தோன்றும். ஆளுநர் வாசலில் நின்றால் துறைவரை ஒவ்வொரு குடிசையும் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் தேவை என்று நான் நினைக்கிறேன். இன்று ஜார்ஜ் தெருவாக அது சுருங்கிவிட்டது. குடிசைகளில் ஒன்றும் எஞ்சவில்லை.

கைதிகளில் ஒருவர் ஜேம்ஸ் ரூஸ். கார்ன்வால் பகுதிக்காரர், ஏழாண்டுத் தண்டனை பெற்று முதல் கப்பற்கூட்டத்தில் வந்தவர். ஒரு தனி ஆள் இந்த மண்ணில் உழைத்துத் தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்று சோதித்துப் பார்க்க, 1789 நவம்பரில் பிலிப் அவருக்கு நிலம் ஒதுக்கினார். ரூஸ் செய்ததை அதிகாரி வாட்கின் டென்ச் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்: வெட்டி வீழ்த்திய மரங்களை எரித்து, சாம்பலை மண்ணில் கொத்திவிட்டு, புல்லைக் களையோடு புரட்டி, வெயிலும் காற்றும் படும்படி நிலத்தை ஆறப்போட்டு, விதைக்கும் முன் மறுபடி கொத்தினார். அரசுப் பண்ணையில் கைதிகளை விரட்டி வேலை வாங்கியவர்களுக்குப் புலப்படாத இந்தப் பக்குவம், வயலில் வளர்ந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது. 1791 பிப்ரவரிக்குள் அரசுக் கிடங்கின் படி அரிசி வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அந்த 30 ஏக்கர்தான் இந்தக் குடியேற்றத்தின் முதல் நிலக்கொடை. ஆயினும் 1793இல் அதை 40 பவுனுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் மருத்துவர் ஜான் ஹாரிஸ். தோசை வரிசைக்குப் பெயர் கொடுத்த ஹாரிஸ் அவர்தான். அந்நிலத்தில் இன்று நிற்கும் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் குடில் 1790களில் கட்டப்பட்டது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பின்னர் சான்றுகளைப் பார்த்து, அது 1830களைச் சேர்ந்தது என்று திருத்திக்கொண்டார்கள். தம் பெருமையைத் தாமே நாற்பது ஆண்டு குறைத்துச் சொல்லும் ஒரு நினைவிடத்தை நான் மதிக்கிறேன். நம் ஊர்களில் தலவரலாறு அச்சடிக்கும்போது வயது கூடுமேயன்றிக் குறைந்து நான் பார்த்ததில்லை.

கிடங்கின் படி என்றேன். 1792 ஜூனில் அட்லாண்டிக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து உணவுப்பொருள் ஏற்றிக்கொண்டு சிட்னி வந்து சேர்ந்தது. அரிசியோடு அதில் ரவையும் பருப்பும் இருந்தன. குடியேற்றத்தின் நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் தம் வரலாற்றில் அவற்றை இந்தியப் பெயர்களாலேயே குறித்து, 'சூஜி', 'தால்' என்று எழுதுகிறார். மாட்டிறைச்சியும் கோதுமை மாவும் கேட்டுக்கொண்டிருந்த இலண்டன் கைதிகளின் தட்டில் பருப்பு வந்து விழுந்தது. இன்று அதே நிலத்தில் பருப்புக்காகக் காசு கொடுத்துக் காத்து நிற்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். “பாவம், தாளிக்கக் கடுகு அனுப்பினாங்களா?” என்று கேட்டார்.

முதலில் சொன்ன அந்த மிகப் பழைய வீட்டுக்கு, எலிசபெத் ஃபார்முக்கு, அவரை அழைத்துச் சென்ற நாள் அது. 1793இல் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரி ஜான் மக்கார்தர், தமக்குக் கிடைத்த 100 ஏக்கரில் செங்கல் வீடு கட்டி, மனைவியின் பெயரை வைத்தார். தொடக்கத்தில் 68 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்ட ஒற்றை வரிசை வீடு. பின்னர் பல முறை மாற்றி, முன்னால் தாழ்ந்திறங்கும் அகன்ற வராந்தாவும் சேர்த்தார்கள். அந்த வராந்தா இங்கிலாந்தில் பிறந்ததன்று. பிரித்தானிய அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்க இந்தியாவில் கற்றுக்கொண்ட வழி இது. சொல்லும் அங்கிருந்தே ஆங்கிலத்துக்குப் போயிற்று. அம்மா ஒரு பாட்டனார் வீட்டுக்குள் நுழைவது போலச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, “திண்ணை மட்டுந்தான் இல்ல” என்றார். அங்கே கயிறு கட்டித் தடுப்பதில்லை. அறைகலன்கள் படியெடுத்துச் செய்தவை என்பதால் நாற்காலியில் அமரலாம், எழுதுமேசையின் இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். தோட்டத்தில் 1805இல் மக்கார்தர் நட்டதாகச் சொல்லப்படும் ஆலிவ் மரம் ஒன்று இன்னும் தழைத்து நிற்கிறது.

ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று ஜான் மக்கார்தரைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் ஒரு மறுப்பு உண்டு. சண்டைக்காரரான அவர், ஒருமுறை 1801 முதல் 1805 வரையும், ஆளுநர் பிளையைப் பதவியிலிருந்து இறக்கிய கலகத்துக்குப் பின் 1809 முதல் 1817 வரையும் இங்கிலாந்தில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஆட்டு மந்தையை, கைதி வேலைக்காரர்களை, கணக்கை, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர் எலிசபெத். இறுதிக்காலத்தில் ஜான் மனநிலை பிறழ்ந்து 1834இல் இறந்தார். எலிசபெத் 1850 வரை இருந்தார். வீட்டுக்கு அவர் பெயர் இருப்பது ஒரு கணவனின் அன்பளிப்பு என்று பலகை சொல்லலாம்; அவர் உழைத்து ஈட்டிய பெயர் அது என்றே நான் கொள்கிறேன். குடும்பத்தின் கையை விட்டுப் போனபின் வீடு சிதைந்தது. 1904இல் ஸ்வான் குடும்பத்தார் அதை வாங்கி, இடிக்காமல் அதில் குடியிருந்தார்கள். இந்த வீடு இன்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆற்றின் வளைவில் உள்ள பூங்காவுக்குள் பழைய ஆளுநர் மாளிகை இருக்கிறது. 1799இல் ஆளுநர் ஹன்டர் கட்டியது. பின்வந்த ஆளுநர் மக்வாரி தம் காலத்தில், 1810களில், துணைப்படையதிகாரி ஜான் வாட்ஸைக் கொண்டு அதை இருமடங்காக்கினார். 2010இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பதினொரு ஆஸ்திரேலியக் கைதித் தலங்களில் இதுவும் ஒன்று. வெள்ளை பூசிய, அளவொத்த, சற்றே சலிப்பூட்டும் கட்டடம். எனக்கு அதைவிட, அதன் பின்புறப் புல்வெளியில் நிற்கும் இரண்டு கல் தூண்கள்தான் பிடிக்கும். ஆளுநர் தாமஸ் பிரிஸ்பேன் 1822இல் தம் சொந்தச் செலவில் இங்கே ஒரு வானாய்வகம் கட்டினார்; எங்க்கே வால்மீன் கணித்தபடி திரும்பி வந்ததை அந்த ஆண்டே இங்கிருந்துதான் கண்டார்கள்; தென்வானத்தின் 7,385 விண்மீன்களைக் குறித்த அட்டவணை இங்கே எடுத்த அளவைகளிலிருந்து உருவாயிற்று. ஆய்வகம் 1847இல் மூடப்பட்டு இடிந்துபோனது. தொலைநோக்கியைத் தாங்கிய தூண்கள் மட்டும் நிற்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் மாளிகை வாசலுக்கு அருகிலேயே குதிரைவண்டி மரத்தில் மோதி அப்போதைய ஆளுநரின் மனைவி மேரி ஃபிட்ஸ்ராய் இறந்தார். வண்டியை ஓட்டியவர் ஆளுநரே. பின்னாளில் ஆளுநர்கள் வராமற்போன மாளிகை 1910 முதல் ஒரு பள்ளியின் பயன்பாட்டில் இருந்தது. 1967இல்தான் மரபிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டின் பராமரிப்புக்கு வந்தது.

செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும் வாட்ஸ்தான் வடித்தார். கென்ட் கடற்கரையில் இடிந்து நிற்கும் ரெகல்வர் ஆலயத்தின் சாயலில் வேண்டும் என்று கேட்டவர் மக்வாரியின் மனைவி எலிசபெத். கோபுரத்துக்குப் பின்னுள்ள ஆலயம் 1850களில் புதிதாகக் கட்டியது. அதன் இடுகாடு இன்னும் பழையது, 1790. அங்கே ஒரு தட்டைக் கல்லில் 'எச். ஈ. டாட் 1791' என்பது மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிலிப்பின் பண்ணையை நடத்திய ஹென்றி டாட்டின் கல் அது.

பிரிஸ்லிங்டன் என்ற செங்கல் வீட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். தண்டனை முடிந்த ஜான் ஹாட்ஜஸ் 1821இல் கட்டியது. சீட்டாட்டத்தில் டைமண்ட் எட்டு அவருக்குப் பெரும்பணம் ஈட்டித் தந்ததாகவும் அந்தப் பணத்தில் கட்டியதாகவும் கதை. கதை எப்படியோ, பின்சுவரில் கருஞ்செங்கற்களால் எட்டு டைமண்டுகள் பதித்திருப்பதைக் கண்ணால் காணலாம்.

இவையெல்லாம் ஊர் பெருமையோடு காட்டும் கட்டடங்கள். நான் அடிக்கடி போவது ஆற்றின் மறுகரைக்கு. அங்கேதான் பெண் கைதிகளின் தொழிற்சாலை இருந்தது. கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே, அவரே மோசடிக் குற்றத்துக்குக் கப்பலேறி வந்தவர், வரைந்த திட்டப்படி 1818இல் அடிக்கல் நாட்டி, 1821இல் திறந்தார்கள். பெயர் தொழிற்சாலை, உண்மையில் அது சிறை, கம்பளி நூற்கும் கூடம், பேறுகால மருத்துவமனை, வேலைக்காரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் சந்தை, கல்யாணத் தரகுக் களம் எல்லாம் சேர்ந்தது. பெண்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பினர் வீட்டுவேலைக்கு அனுப்பப்படலாம், மணம் முடிக்கலாம்; மனைவி வேண்டும் ஆண் அனுமதிச் சீட்டோடு வருவான், பெண்கள் வரிசையாக நிறுத்தப்படுவார்கள், அவன் பார்ப்பான். மூன்றாம் வகுப்பினருக்குத் தலையை மழித்துக் கடின வேலை.

1827 அக்டோபரில் ரொட்டியையும் சர்க்கரையையும் குறைத்தபோது அந்தப் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தார்கள். கடைகளில் ரொட்டியையும் இறைச்சியையும் அள்ளினார்கள். படைவீரர்கள் துப்பாக்கியோடு வந்து அவர்களைத் திருப்பி ஓட்டியபோது, முந்தானையில் கட்டுவது போல மேலாடையில் சுருட்டிய உணவோடுதான் திரும்பினார்கள். ஆஸ்திரேலியப் பெண் தொழிலாளர்களின் முதல் போராட்டம் என்று இதைச் சொல்வாருண்டு. பசித்தவர்களை அப்படிப் பெயரிட்டு உயர்த்த வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சோறு குறைந்தது, கதவு உடைந்தது, அது போதும்.

கைதிகளை அனுப்புவது நின்றபின் 1840களின் இறுதியில் தொழிற்சாலை மனநோயர் காப்பகமாயிற்று. சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். நேற்றுவரை கைதி, இன்று நோயாளி. 1880களில் மூன்று மாடி முதன்மைக் கட்டடத்தை இடித்து அதன் கற்களைக் காப்பகத்தின் புதிய கூடத்துக்கே பயன்படுத்தினார்கள். மருத்துவமனைப் பிரிவும் மேற்பார்வையாளர் வசிப்பிடமும் மூன்றாம் வகுப்பு முற்றத்தின் சுவரும் தப்பின. பக்கத்திலேயே, 1840களில் கத்தோலிக்க அனாதைப் பள்ளியாக எழுந்த வளாகத்தில், 1887 முதல் 1974 வரை அரசின் பெண்பிள்ளைகள் சீர்திருத்த இல்லம் நடந்தது. அங்கே சிறுமியருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை, சிறார் துன்புறுத்தல்களை ஆராய்ந்த அரச ஆணையம் 2010களில் அவர்களின் வாய்மொழியாகவே பதிவுசெய்தது. 1821இல் அடைத்த அதே ஆற்று வளைவில், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும், குற்றம் ஏதும் செய்யாத பெண்பிள்ளைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. பரமட்டாவுக்கு அருகே ரைடல்மியரில் மக்வாரி 1813இல் அடிக்கல் நாட்டிய பெண் அனாதைப் பள்ளி பின்னர் மனநோய் மருத்துவமனையாகி, இன்று பல்கலைக்கழகத்தின் பகுதியாக நிற்கிறது. பரமட்டா சிறை 2011இல்தான் மூடப்பட்டது. அடைத்து வைக்கும் தேவை இந்த ஊருக்கு ஒருநாளும் தீரவில்லை. அதனால் அடைக்கும் சுவர்களை இடிக்க நேரம் வரவில்லை. ஆட்சேபம் சொல்வோர் இருந்தும், மகப்பேறு மருத்துவமனையாக இருந்த வில்லோ குரோவ் என்ற அழகிய மாளிகையை 2021இல் கல் கல்லாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அங்கே அருங்காட்சியகம் வேண்டியிருந்தது. தொழிற்சாலை வளாகத்துக்கு நாட்டு மரபிடத் தகுதி வந்தது 2017 நவம்பரில். அதை வற்புறுத்திப் பெற்றவர்களில் இல்லத்தில் வளர்ந்த பெண்களும் உண்டு. இடித்துத் தள்ளுங்கள் என்று சொல்லியிருக்க முழு உரிமையும் உள்ளவர்கள் அவர்கள்.

பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில் உள்ளே போயிருந்தேன். ஒரு கதவின் வண்ணப்பூச்சில், குண்டூசியாலோ ஆணியாலோ கீறிய எழுத்துகள், பெயர்களின் முதலெழுத்துகள், பக்கத்தில் ஓர் ஆண்டு. டாட்டின் கல்லில் உள்ளதைவிட ஒன்றும் கூடுதலில்லை. வழிகாட்டிய அம்மையார், இல்லத்தில் இருந்தவர், அதைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வெளியே, 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய டிராம், காப்பக வளாகத்தின் ஊடாகவே வந்து ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. வெஸ்ட்மீட் மருத்துவமனை வேலை முடிந்து திரும்பும் செவிலியர்கள் உள்ளே நின்றார்கள். அம்மா சுவரோரம் சற்று நின்று, சாந்து உதிர்ந்த இடத்தைப் பார்த்து, “இது கிளிஞ்சல்தானே?” என்றார்.